பின்வாங்க வழி உள்ள படிகள்: கோல்கீப்பர் கேவின் பஸுனு – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஜூனில், 16 வயதில், டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ் அணிக்கு முதல் சீனியர் ஆட்டம். 2021 மார்ச்சில், 19 வயதில், அயர்லாந்து தேசிய அணியில் அறிமுகம். அதே செப்டம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெனால்டியைத் தடுத்தார். 2022 ஆகஸ்டில், 20 வயதில், இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் சவுத்தாம்ப்டனின் முதல் தேர்வு கோல்கீப்பர். அடுத்த மே மாதம் அவருடைய அணி கடைசி இடத்தில் முடிந்து கீழ் லீகுக்கு இறங்கியது. அதற்கு முன்பே அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கேவின் பஸுனுவின் இந்த ஐந்து ஆண்டுகளை ‘அவசரப்பட்டு ஏற்றிவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிதான் சரி. 16 வயதில் முதல் டிவிஷன் ஆட்டம் என்பதைவிடப் பெரிய அவசரம் எது? அது நன்றாகத்தானே போயிற்று. ஒவ்வொரு படியிலும் அவர் தடுமாறினால் யார் உள்ளே வருவார்கள், எத்தனை ஆட்டத்துக்குப் பிறகு வருவார்கள் என்று பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும்.

ஒரே ஒரு இடம்

17 வயது விங்கரை வளர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது 75-வது நிமிடத்தில் இறக்கலாம். சொதப்பினாலும் ஸ்கோர் மாறாது. கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. காயம், சிவப்பு அட்டை தவிர்த்து நடு ஆட்டத்தில் அநேகமாக யாரும் கீப்பரை மாற்றுவதில்லை. ஆகவே அவருக்கு அனுபவம் வரவேண்டுமானால் முழு ஆட்டங்களாகத்தான் வரவேண்டும். பெரிய கிளப்பில் அது கிடைக்காது என்பதால் லோன் போயாக வேண்டும், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட வேண்டும். 21 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்கள் கைவேலையைக் கற்றுத்தரும். ஆனால் 34 வயது சென்டர் ஃபார்வர்டு முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு கார்னருக்குக் காத்திருப்பது அங்கே நடக்காது.

டாலட்: முதல் படி

பஸுனு 2002 பிப்ரவரி 20 அன்று டப்ளினில் பிறந்தவர்; தந்தை நைஜீரியர். நாக்லயன் யுனைடெட் என்ற உள்ளூர் கிளப்பிலிருந்து ஷாம்ராக் ரோவர்ஸ் அகாடமிக்கு வந்தார். அயர்லாந்து லீக் கோடைக்கால லீக். சீசன் பிப்ரவரி வாக்கில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். இங்கிலாந்து கிளப்புகள் விடுமுறையில் இருக்கும் ஜூன், ஜூலையில் அயர்லாந்தில் போட்டி சூடுபிடித்திருக்கும். யூரோப்பியத் தகுதிச் சுற்றுகளும் அப்போதுதான். ஆள் தேடி வரும் இங்கிலாந்து ஸ்கவுட்டுகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

பயிற்சியாளர் ஸ்டீபன் பிராட்லி அவரைக் களமிறக்கினார். முதல் நான்கு லீக் ஆட்டங்களிலும் பஸுனு கோல் விடவில்லை. கார்க் சிட்டிக்கு எதிராக ஒரு பெனால்டியையும் தடுத்தார். ஜூலையில் யூரோபா லீக் தகுதிச் சுற்றில் ஸ்வீடனின் ஏஐகே அணியை எதிர்கொண்டார். அந்த ஆண்டு ஸ்வீடன் லீகை வென்ற அணி அது. ரோவர்ஸ் தன் சொந்த மைதானமான டாலட்டில் 0-1 எனத் தோற்று, ஏஐகேயின் ஊரான சோல்னாவில் கூடுதல் நேரம் வரை போய் 1-1 என முடித்து வெளியேறியது.

இதே கோடையில் ரோவர்ஸ் செய்த இன்னொரு காரியம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ்டனில் ஆடிக்கொண்டிருந்த அனுபவசாலி ஆலன் மானஸைத் திரும்ப அழைத்துவந்தார்கள். பையன் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது எதற்கு என்று ரசிகர் கேட்கலாம். அனுபவசாலி அணியில் இருந்தால்தான் பையனைச் சத்தமில்லாமல் வெளியே எடுக்க முடியும், தோல்விகளின் நடுவே தவறு நடந்த மறுநாள் எடுக்க வேண்டியிருக்காது. மானஸ் இடம் பிடித்தார். பஸுனுவின் ரோவர்ஸ் கணக்கு ஒரு சில ஆட்டங்களோடு, சேதமில்லாமல் முடிந்தது.

மான்செஸ்டர் சிட்டி, ராச்டேல்

2019 பிப்ரவரியில், 17 வயது நிறையும் சமயத்தில், மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. கால்வேலைதான் பெரிய காரணம். கோல் கிக்கின்போது பந்தைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே தன் ஆள் வாங்கலாம் என்ற விதி 2019-20 சீசனில் வந்தது. அதன்பின் கீப்பர் கிட்டத்தட்ட மூன்றாவது சென்டர் பேக் ஆகிவிட்டார். எதிரணியின் இரண்டு ஃபார்வர்டுகள் நெருக்கும்போது எந்தப் பக்கம் ஆள் மிச்சம் என்று பார்த்து, இடது காலிலும் வலது காலிலும் 10 மீட்டர், 30 மீட்டர், 50 மீட்டர் எனப் பாஸ் தேர வேண்டும். பஸுனு இதில் வயதுக்கு மீறிய நிதானம் காட்டினார். முதல் தேர்வு கீப்பராக எடர்சன் இருந்த கிளப்பில் முதல் அணியில் இடம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாங்கி, வளர்த்து, லோன் அனுப்பி, விற்பதும் சிட்டியின் கணக்கில் ஒன்று.

2020-21-ல் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ராச்டேலுக்கு லோன். அங்கே பயிற்சியாளர் கார்க் நகரத்துக்காரர் பிரையன் பாரி-மர்ஃபி. சிறிய கிளப் என்றாலும் பின்னாலிருந்து குறும்பாஸ்களாக ஆட்டத்தைக் கட்டும் பாணி. லோன் அனுப்பும் கிளப் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இது. பந்தை நேராகத் தூக்கி அடிக்கும் அணிக்குப் போயிருந்தால் அவருடைய கால்வேலை ஒரு வருஷம் துருப்பிடித்திருக்கும்.

29 லீக் ஆட்டங்கள் ஆடினார். ராச்டேல் அந்த சீசனில் 78 கோல் வாங்கிக் கீழே இறங்கியது. இதைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். கோல் நிறைய வாங்கும் அணியில் இளம் கீப்பருக்கு வேலையும் நிறைய இருக்கும். நன்றாக ஆடும் அணியில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு சேவ் என்றால் இங்கே ஐந்தாறு. கோவிட் காலம் என்பதால் மைதானங்கள் காலி. கீப்பர் தடுப்பாளர்களிடம் கத்துவதெல்லாம் தெளிவாகக் கேட்கும், தவறு செய்தால் ஊளையிடவும் ஆளில்லை. மொத்தம் 46 ஆட்டத்தில் 29 என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா ஆட்டத்தின் சுமையும் அவர் தலையில் இல்லை.

தேசிய அணி: இடம் காலியான விதம்

2021 மார்ச்சில் அயர்லாந்தின் வழக்கமான கீப்பர் டேரன் ராண்டல்ஃப் காயத்தில் இருந்தார். பயிற்சியாளர் ஸ்டீபன் கென்னி செர்பியாவுக்கு எதிராக முதலில் மார்க் ட்ராவர்ஸை இறக்கினார், 2-3 தோல்வி. மூன்று நாள் கழித்து, மார்ச் 27 அன்று டப்ளினில் லக்ஸம்பர்க்கை எதிர்த்துப் பஸுனு நின்றார். 85-வது நிமிடத்தில் கெர்சன் ரோட்ரிக்ஸ் தூரத்திலிருந்து அடித்த பந்து மூலையில் நுழைந்தது. 0-1. அயர்லாந்துக் கால்பந்தின் மிகச் சங்கடமான இரவுகளில் ஒன்று அது. அறிமுக ஆட்டத்திலேயே அப்படி ஒரு தோல்வி வந்தும் கென்னி அவரை எடுக்கவில்லை. மாற்று ஆள் பக்கத்திலேயே இருந்ததால் எடுத்திருக்கலாம், எடுக்காததால்தான் அந்த நம்பிக்கைக்கு மதிப்பு.

செப்டம்பர் 1, போர்ச்சுகலின் அல்கார்வே மைதானம். அயர்லாந்து பின்னாலிருந்து குறும்பாஸ் ஆட முயன்றபோது பந்து பறிபோனது; ஜெஃப் ஹென்ட்ரிக் புரூனோ ஃபெர்னாண்டஸை ஃபவுல் செய்தார். வீடியோ நடுவர் பரிசோதனை இழுத்துக்கொண்டே போனது. இடையில் டாரா ஓஷே பந்தைத் தட்டிவிட, ரொனால்டோ அவர் கையில் ஒரு அடி வைத்தார். 15-வது நிமிடத்தில் ஒருவழியாகப் பெனால்டி.

எண்களில் பார்த்தால்: கோல்கோட்டிலிருந்து பெனால்டி புள்ளி 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து அதைக் கடக்க 0.4 விநாடி. கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர், ஆகவே நடுவில் நிற்பவருக்கு இருபுறமும் 3.66 மீட்டர். பந்து உதைபடும் கணத்தில் ஒரு காலாவது கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். 2019-ல் தளர்ந்த விதி இது, முன்பு இரண்டு காலும் வேண்டும். பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பாய நேரமில்லை. உதைக்காத கால் ஊன்றும் திசை, இடுப்பு திறக்கும் விதம் ஆகியவற்றிலிருந்து கடைசிக் கணத்தில் ஊகிக்க வேண்டும். கெட்டிக்கார இளம் கீப்பர்கள் பெரும்பாலும் சறுக்குவது சீக்கிரமே பாய்ந்துவிடுவதில். உதைப்பவர் அதைப் பார்த்து மறுபக்கம் தட்டிவிடுவார். காத்திருக்கும் நேரம் நீண்ட அந்தப் பெனால்டியில் பஸுனு கடைசி வரை நிமிர்ந்து நின்று, சரியான பக்கம் பாய்ந்து தள்ளினார்.

ஜான் ஈகன் தலையால் அடித்து அயர்லாந்து முன்னிலை பெற்றது. 89-வது நிமிடத்திலும் 96-வது நிமிடத்திலும் ரொனால்டோ இரண்டு கோல் அடித்து, ஈரானின் அலி தாயியின் 109 கோல் சாதனையைக் கடந்தார். இரண்டுமே கிராஸிலிருந்து, அதாவது பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் வந்த பந்திலிருந்து, தலையால். உலகம் நினைவில் வைத்தது பெனால்டியை. ஆனால் கீப்பரின் வாராந்திரப் பிழைப்பு கிராஸில்தான் இருக்கிறது: வெளியே வருவதா, கோட்டில் நிற்பதா, பந்து கிளம்பிய முதல் அரை விநாடியில் முடிவு. அந்த இரண்டு கோலுக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே வாரம் டப்ளினில் செர்பியாவை 1-1 என்று பிடித்துநிறுத்தியதில் அவர் சேவ்களுக்குப் பெரும் பங்கு. நவம்பரில் போர்ச்சுகல் டப்ளின் வந்தபோது 0-0.

போர்ட்ஸ்மவுத்

2021-22-ல் மறுபடி லீக் ஒன், இம்முறை போர்ட்ஸ்மவுத்தில். 44 லீக் ஆட்டங்கள், நிறைந்த ஃபிராட்டன் பார்க், பெரிய கிளப் என்ற எதிர்பார்ப்போடு கத்தும் ரசிகர்கள். லீக் ஒன்னில் கீப்பர் சந்திப்பது நீளமான த்ரோ-இன்கள், கூட்டமாக ஆறு கஜப் பெட்டிக்குள் புகும் கார்னர்கள், இரண்டாவது பந்துக்கு முண்டியடிக்கும் உடல்கள். அதை அவர் நன்றாகக் கற்றார்.

சவுத்தாம்ப்டன்: எங்கே உடைந்தது

2022 ஜூனில் சவுத்தாம்ப்டன் அவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது. விலை சுமார் 1.2 கோடி பவுண்டு என்று செய்திகள் சொல்லின. சிட்டி திரும்ப வாங்கும் உரிமையை வைத்துக்கொண்டது. ஷாம்ராக் ரோவர்ஸுக்கும் மறுவிற்பனைப் பங்கு கிடைத்தது. இதற்கு மேல் ஃபிஃபாவின் ஒற்றுமைத் தொகை ஒன்று உண்டு: விலையில் 5 சதவீதம், வீரர் 12 முதல் 23 வயது வரை பயிற்சி பெற்ற கிளப்புகளுக்குப் பிரிகிறது. 12–15 வயதில் ஒவ்வொரு சீசனுக்கும் விலையின் 0.25 சதவீதம், 16 முதல் 0.5 சதவீதம். 1.2 கோடியில் அது சீசனுக்கு 30,000 பவுண்டு, 60,000 பவுண்டு. அயர்லாந்து கிளப்பின் அகாடமிக்கு இது சில்லறை கிடையாது.

அந்தக் கோடையில் சவுத்தாம்ப்டனின் திட்டமே இளைஞர்கள். ரோமியோ லாவியா, ஆர்மெல் பெல்லா-கோட்சாப், செகூ மாரா என வரிசையாக வாங்கினார்கள். பல ஆண்டு ஆடிய கீப்பர் ஃபிரேஸர் ஃபார்ஸ்டர் டாட்டனம் போய்விட்டார். முன்னால் நிற்கும் தடுப்பாளருக்கும் 20 வயது, பின்னால் நிற்கும் கீப்பருக்கும் 20 வயது. முதல் ஆட்டத்தில் டாட்டனமிடம் 1-4. நவம்பரில் பயிற்சியாளர் ஹாசன்ஹட்டில் நீக்கப்பட்டார். நேதன் ஜோன்ஸ் வந்து பிப்ரவரியில் போனார். பிறகு ரூபன் செயெஸ். பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் தடுப்பு வரிசை நிற்கும் உயரம் மாறும், அதோடு கீப்பர் நிற்க வேண்டிய இடமும் மாறும். வரிசை கோலிலிருந்து 40 மீட்டரில் நின்றால் கீப்பர் பெட்டி விளிம்பில் காத்திருக்க வேண்டும். 25 மீட்டருக்கு இறங்கினால் கோட்டருகே. உடம்பில் ஊறவேண்டிய பழக்கம் இது. ஒரே சீசனில் இரண்டு முறை மாற்றினால் ஒவ்வொரு முடிவிலும் ஒரு நொடித் தயக்கம் ஒட்டிக்கொள்ளும்.

லீக் ஒன்னுக்கும் பிரீமியர் லீகுக்கும் இடையே கீப்பருக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் ஷாட்டின் வேகம் என்று நினைப்பார்கள். வேகத்தைவிட, ஷாட் வருவது முன்கூட்டியே தெரிவதில்லை என்பதுதான் தொல்லை. கீழ் லீகில் ஃபார்வர்டு ஒரு தொடுதல் எடுத்து, காலைப் பின்னால் வீசி அடிப்பார். அந்த நேரத்தில் கீப்பர் இரண்டு காலையும் ஊன்றி, எடையை முன்பாதத்தில் வைத்து நின்றுவிடலாம். மேலே முதல் தொடுதலே ஷாட்டாக வரும், அல்லது கால் வீச்சே தெரியாமல் தடுப்பாளரின் கால்களுக்கு நடுவே வரும். கீப்பர் இன்னும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருப்பார். நகரும் காலில் எடை இருக்கும்போது எதிர்ப்பக்கம் உந்த முடியாது. 15 மீட்டரிலிருந்து வரும் வேகமான ஷாட்டுக்குக் கிடைப்பது அரை விநாடிக்குச் சற்று மேல். அதில் காலை ஊன்றவே பாதி போய்விட்டால் கை எட்டாது. தொலைக்காட்சியில் அது ‘பலவீனமான கை’ போலத் தெரியும், கோளாறு காலில் இருக்கும்.

இன்னொன்று, காலருகே தரையோடு வரும் பந்து. மூலைக்குப் பாய்வதைவிட இது கடினம். உயரமான கீப்பர் முழங்காலை மடக்கி உடலை அப்படியே கீழே விழவிட வேண்டும். பாய உந்தினால் பந்து அடியில் போய்விடும். போர்ட்ஸ்மவுத்தில் 44 ஆட்டம் பழகிய உயரப் பந்து வேலை இங்கே அவரைக் காப்பாற்றவில்லை. கேட்கப்பட்ட கேள்விகள் வேறு.

இதை அளக்க ஒரு முறை உண்டு. இலக்கை நோக்கி வந்த ஒவ்வொரு ஷாட்டும் போகும் இடத்தைப் பொறுத்து 0-வுக்கும் 1-க்கும் இடையே மதிப்புப் பெறும், 0.30 என்றால் அப்படிப்பட்ட 100 ஷாட்டில் 30 வழக்கமாகக் கோலாகும். எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் வாங்கிய கோலைக் கழித்தால் கீப்பர் மிச்சம் பிடித்தாரா, கூடுதலாக விட்டாரா என்று தெரியும். 2022-23-ல் பஸுனு லீகின் அடிவரிசையில் இருந்தார். பார்வை மறைக்கப்பட்டதா என்பதையெல்லாம் இந்தக் கணக்கு முழுதாகப் பிடிக்காது. இருந்தாலும் எண் மோசம்தான், தடுப்பாளர்கள்மேல் மட்டும் பழி போட இடம் தரவில்லை.

லீகின் முதல் 32 ஆட்டங்களிலும் அவர்தான் நின்றார். ஏப்ரல் இறுதியில், மிச்சம் ஆறு ஆட்டம் இருக்கையில், அலெக்ஸ் மெக்கார்த்தி உள்ளே வந்தார். சவுத்தாம்ப்டன் 25 புள்ளி, வாங்கிய கோல் 73, கடைசி இடம். மெக்கார்த்தி முன்பே பிரீமியர் லீகில் பல சீசன் ஆடியவர். நவம்பரிலோ ஜனவரியிலோ நான்கைந்து ஆட்டம் அவரை வைத்துப் பஸுனுவை மூச்சுவிட அனுப்பியிருக்கலாம். பெரிய விலை கொடுத்து, ஐந்தாண்டுத் திட்டத்தின் முகமாக வாங்கிய கீப்பரை வெளியே எடுப்பது திட்டமே தவறு என்று ஒப்புக்கொள்வது போலாகிவிடும். அதனால் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். டாலட்டில் மானஸ் இருந்தபடியே சவுத்தாம்ப்டனிலும் ஆள் இருந்தார். அவரைப் பயன்படுத்தும் மனம் வரத் தாமதமாயிற்று.

தாண்டிய படிக்குத் திரும்பியது

மூன்றாம் அடுக்கிலிருந்து முதல் அடுக்குக்குத் தாவியபோது இடையில் விட்டுப்போன இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப், அணி இறங்கியதால் தானாகவே வாய்த்தது. 2023-24-ல் ரஸ்ஸல் மார்ட்டினின் கீழ் பஸுனு அங்கே 41 லீக் ஆட்டம் ஆடினார். பந்தை ஏறக்குறைய எப்போதும் தன்னிடமே வைத்திருக்கும் அணி, கீப்பரின் கால்வேலைக்கு முழு இடம். 2024 ஏப்ரலில் குதிகால் தசைநார் (அகில்லிஸ்) அறுந்தது. அவர் இல்லாமலே அணி பிளே-ஆஃப் வென்று மேலே போனது. குதிகால் தசைநார் முழுதாக அறுந்தால் திரும்ப வழக்கமாக 9 முதல் 12 மாதம். கீப்பரின் ஒவ்வொரு பாய்ச்சலும் அந்தத் தசைநாரை உந்தித்தான் கிளம்புகிறது என்பதால் ஓட முடிவது வேறு, பாய முடிவது வேறு. இதற்குள் சவுத்தாம்ப்டன் ஆரன் ராம்ஸ்டேலை வாங்கிவிட்டது. 2025 ஜனவரியில் பஸுனு பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜுக்கு லோன் போனார்.

(ராம்ஸ்டேல் போர்ன்மவுத், ஷெஃபீல்ட் யுனைடெட் என்று அடுத்தடுத்து இறங்கிய அணிகளில் நின்றும் ஆர்சனல் வரை போனவர். இறங்கிய அணியின் கீப்பர் என்ற முத்திரை நிரந்தரமில்லை.)

அதே தலைமுறையில் இன்னும் இருவர்

கார்க்கின் க்வீவீன் கெல்லஹர் 2015-ல் லிவர்பூல் போனார். முன்னால் முதல் தேர்வு கீப்பர் அலிசன். கிடைத்த ஆட்டங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொரு முறையும் எப்போது முடியும் என்று தெரிந்த வாய்ப்பு: அலிசன் குணமாகும் வரை, அல்லது லீக் கோப்பை முடியும் வரை. 2022 இறுதிப் போட்டியில் செல்சிக்கு எதிராக 11-10 என்று முடிந்த பெனால்டிச் சுற்றில் 11-வது பெனால்டியை அவரே அடித்தார். பஸுனு காயத்தில் இருந்தபோது அயர்லாந்தின் முதல் இடம் அவருடையதாயிற்று. 2025-ல் பிரென்ட்ஃபோர்டில் வாராவாரம் ஆடத் தொடங்கும்போது வயது 26. அந்த அக்டோபரில் லிஸ்பனில் அவரும் ரொனால்டோவின் பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டத்திலும் போர்ச்சுகல்தான் கடைசி நேர கோலில் வென்றது.

மேனூத் ஊரின் மார்க் ட்ராவர்ஸ் 2019 மே மாதம், 19 வயதில், போர்ன்மவுத்துக்காக டாட்டனமைக் கோலின்றித் தடுத்து ஆட்ட நாயகன் ஆனார். பிறகு சாம்பியன்ஷிப்பில் முழு சீசன் நின்று அணியை மேலே ஏற்றினார். 2022 ஆகஸ்டில் லிவர்பூலிடம் 0-9 வாங்கியபின் இடம் இன்னொரு கீப்பர் நெட்டோவுக்குப் போனது. போர்ன்மவுத் ஒரே மாதத்தில் எடுத்த அந்த முடிவு அவருக்குக் கொடுமையாக இருந்திருக்கும்; அதே சீசனில் சவுத்தாம்ப்டன் அதை எடுக்க ஏப்ரல் வரை காத்தது.

இனி வருபவர்களுக்கு

பஸுனு போன வழி இன்று அப்படியே திறந்திருக்கவில்லை. பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி முதல், 18 வயது நிறையாத அயர்லாந்து வீரர் இங்கிலாந்து கிளப்புக்குப் போக முடியாது. 16 வயதிலேயே மாற அனுமதிக்கும் ஃபிஃபா விலக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும். அயர்லாந்துக் குடிமக்களுக்கு இங்கிலாந்தில் வேலை அனுமதிப் புள்ளிகள் தேவையில்லை, தடை வயதில் மட்டுமே. ஆகவே 16 வயதில் தேறும் கீப்பருக்கு இரண்டு வழி: இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகள், அல்லது அயர்லாந்து லீகிலேயே இன்னும் இரண்டு சீசன். இரண்டாவது வழியில், இங்கிலாந்து போகும்போது ஒரு சில ஆட்டங்களுக்குப் பதில் 50, 60 சீனியர் ஆட்டம் கையில் இருக்க வாய்ப்புண்டு. அதற்கு அங்குள்ள கிளப்பில் முழுநேரக் கீப்பர் பயிற்சியாளரும், பையன் தடுமாறும் மாதத்தில் கையுறை மாட்டத் தயாரான மானஸ் போன்ற ஒருவரும் வேண்டும். அவர்களுடைய சம்பளத்துக்கும் கிளப் பட்ஜெட்டில் இடம் இருக்க வேண்டும்.